பாதிக் கட்டில்

என் நாத்தனாருக்கு, அதான் எங்க அண்ணிக்கு, அந்தத் தெருவுல கட்டில்காரின்னு பேரு. வாடகைக்கு வீடு விடுறவங்க உண்டு, அறை விடுறவங்க உண்டு. இவங்க கட்டிலை விட்டாங்க. அதுவும் முழுக் கட்டில் இல்ல, பாதி. பாதின்னதும் ஒரே கட்டில்ல ரெண்டு பேரை இடிச்சுப் படுக்க வைச்சாங்கன்னு நினைக்காதீங்க. பகல்ல வேலைக்குப் போறவன் ராத்திரி படுப்பான். ராத்திரி வேலைக்காரன் காலைல வந்து அதே கட்டில்ல விழுவான். நடுவுல கிடைக்கற கொஞ்ச நேரத்துல அண்ணி விரிப்பை மாத்தி, தலையணையைத் திருப்பிப் போட்டு, ஜன்னலைத் திறந்து முந்தினவனோட வாசனையை வெளியே அனுப்பிடுவாங்க. கட்டிலுக்கு அடியில ரெண்டு தகரப் பெட்டி. தலைமாட்டுல இருக்கறது ராத்திரி படுக்கறவனுக்கு, கால்மாட்டுல இருக்கறது பகல்ல படுக்கறவனுக்கு. வருஷக்கணக்கா ஒரே மெத்தையில படுத்தவனுங்க தெருவுல நேருக்கு நேர் வந்தாக்கூட யாரோன்னு போவானுங்க.

அது அண்ணி வச்ச சட்டம். ஒருத்தனைப் பத்தி இன்னொருத்தன் கேக்கக் கூடாது, கேட்டாலும் பதில் கிடையாது. அந்த வீட்டுல படுக்க வர்றவங்க லட்சணம் அப்படி. கரி மூட்டை தூக்கறவன், ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவன், அவனுங்ககூடவே பாக்கெட் அடிக்கறவன், பூட்டை உடைக்கறவன், சுவர் ஏறிக் குதிக்கறவன்னு எல்லாத் தினுசும் உண்டு. போலீஸ் வந்தா அண்ணி தலையணைக்குப் பஞ்சைப் பிரிச்சுக்கிட்டே, தலையைக்கூட நிமிர்த்தாம சொல்லுவாங்க. "எனக்கு யாரையும் தெரியாதுங்க. வர்றாங்க, தூங்கறாங்க, போறாங்க. தூங்கற மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" போலீஸ் போனதும் எங்க பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பாங்க. அந்த வாய்க்காகத்தான் அத்தனை பேரும் அந்த வீட்டை நம்பி வந்தானுங்க. எனக்கும் அதுல பெருமைதான், பொய் சொல்வானேன்.

என் வீட்டுக்காரர் அவங்களுக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. அம்மா போன பிறகு இடுப்புல தூக்கி வளர்த்தது இவங்கதான். நான் கல்யாணமாகி வந்ததும் பின்பக்கத்து அறையை எங்களுக்குக் கொடுத்துட்டாங்க. விரிப்பு துவைக்கறது என் வேலை. அவருக்குத் தண்ணித் தொட்டி கழுவற வேலை. ஊர்ல வசதியான வீடுகள்ல தரைக்கு அடியில தொட்டி இருக்கும். உள்ள இறங்கி, பாசியைச் சுரண்டி, சேத்தை வாளியில ஏத்தி, சாயங்காலம் வெளிறிப்போய் வருவார். பேச்சு ரொம்பக் கம்மி. நான் பேசறதுல பாதி பேசியிருந்தாக்கூட இன்னைக்கு இருந்திருப்பார்.

பெரிய வீடுன்னா அந்த ஊர்ல ஒண்ணுதான். பரம்பரைப் பிரபுக்கள். ஒரு நாள் பொழுது சாயற நேரம் அந்த வீட்டுத் தோட்டத்துத் தொட்டிக்குள்ள இவர் இருக்கார். மேல ஏதோ சத்தம் கேட்டிருக்கு. ஏறி வந்து பார்த்தா வீட்டுப் பெரியவர் மண்டை உடைஞ்சு கிடக்கறார். போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கணும் இந்த மனுஷன். ஓடலை. பெரியவரை மடியில தூக்கி வச்சுக்கிட்டு ஆள் ஆள்னு கத்தியிருக்கார். வந்தவங்க பார்த்தது இவர் சட்டையில ரத்தம், பக்கத்துல இவரோட சுரண்டற கம்பி. பெரியவரோட தம்பி, இவன்தான் அடிச்சான், என் கண்ணால பார்த்தேன்னு சாட்சி சொன்னார். சாகற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு.

இதுல கேளுங்க, என் வயிறு எரியறதை. பிடிச்ச அன்னைக்கே, உனக்கு யார் யார் இருக்காங்க, எங்க குடியிருக்கேன்னு கேட்டிருக்காங்க. எனக்கு யாரும் இல்ல, கிடைச்ச இடத்துல படுப்பேன்னு சொல்லிட்டார். வீட்டைக் காட்டினா வந்து சோதனை போடுவாங்க, உள்ள படுத்திருக்கறவன் பாதிப் பேரும் மாட்டுவான், அக்கா பேரு கெடும். அக்கா வளர்ப்பு. அதனால பார்க்கப் போகக்கூட எங்களுக்கு வழியில்லாம போச்சு. நாங்க போய் நின்னா அவர் சொன்னது பொய்யாயிடும்.

ஜெயில்ல இருக்கறவங்களை ரோட்டு வேலைக்குக் கல்லு உடைக்கக் கூட்டிட்டுப் போவாங்க. நானும் அண்ணியும் எதிர்ப் பக்கம் போய் நிப்போம், ஏதோ கடைக்கு வந்த மாதிரி. அவர் பார்ப்பார். அண்ணியைப் பார்த்துட்டு என்னைப் பார்ப்பார், குனிஞ்சுக்குவார். அண்ணி முந்தானையைச் சரி பண்ற மாதிரி கையைத் தூக்குவாங்க. அவ்வளவுதான் எங்க குடும்பம் பேசிக்கிட்டது. திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் அண்ணி அதையேதான் சொல்லுவாங்க. "வரட்டும்டி அவன். அவனுக்கு முழுக் கட்டில் போடறேன். என் தம்பி எவன்கூடயும் பங்கு போட்டுப் படுக்கத் தேவையில்ல."

மழைக்காலம் முடியற சமயம் புதுசா ஒருத்தன் ராத்திரிப் பாதி கேட்டு வந்தான். கரிக்கிடங்குல வேலையாம். சட்டை கிழிசல், தாடி, மூஞ்சியெல்லாம் கரி. ஆனா உக்காருன்னு சொன்னாத்தான் உக்காருவான். சாப்பிடுன்னு சொன்னாத்தான் சாப்பிடுவான். தெரியாம யார் மேலயாவது கால் பட்டுட்டா, மன்னிச்சுக்கங்கம்பான். அந்த வீட்டுல அந்த வார்த்தையை யார் கேட்டது? மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி இருக்கானேன்னு அண்ணி சொல்லப் போக, மாப்பிள்ளைங்கறதே அவன் பேராயிடுச்சு. காலைல குவளையைக் கழுவாம அப்படியே வச்சுட்டுப் போவான். கழுவணும்னு அவனுக்குத் தெரியல. ஒரு நாள் நான் நல்லாவே திட்டிட்டேன், உங்க வீட்டுல இதுக்கு ஆள் வச்சிருந்தாங்களான்னு. மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. மறுநாள்லேர்ந்து எல்லார் குவளையையும் சேர்த்துக் கழுவினான்.

அண்ணி அவனுக்கு ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்திருந்தாங்க. அதுல பகல்ல படுக்கறவனைப் பல்லின்னு கூப்பிடுவோம். எந்தச் சுவர்லயும் ஏறுவான், ராத்திரிதான் தொழில். ஒருத்தன் கிளம்பி தெருக்கோடி திரும்பின பிறகுதான் இன்னொருத்தன் உள்ள நுழைவான்.

ஒரு நாள் சாயங்காலம் நான் விரிப்பு மடிச்சுக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளை அன்னைக்குக் கொஞ்சம் முன்னாலயே வந்து, வாசல்ல அண்ணி பக்கத்துல உக்காந்தான், சொல்லாமயே உக்காந்தான். குரலைத் தாழ்த்திக்கிட்டு, "அக்கா, சுவர் ஏறித் திருடற ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா? அவசரமா ஒருத்தனைத் தேடறேன்"னான்.

அண்ணி பஞ்சுலேர்ந்து கண்ணை எடுக்கல. "எனக்கு யாரையும் தெரியாதுப்பா. வர்றாங்க, தூங்கறாங்க, போறாங்க."

"அவனுக்குக் கெடுதல் பண்ண இல்லக்கா. ஒருத்தனுக்கு நல்லது நடக்கணும்."

"யாருக்கு நடந்தாலும் எனக்குத் தெரியாது."

அவன் எழுந்து போனான். போலீஸ் ஆளா இருப்பானோன்னு நான் கேட்டேன். யாரா இருந்தா என்ன, என் வாயிலேர்ந்து வராதுன்னு அண்ணி சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பல்லி உள்ளேதான் படுத்திருந்தான், அவன் குறட்டை எங்களுக்குக் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

அதுக்கப்புறம் கல்லு உடைக்கப் போற வரிசையில என் வீட்டுக்காரரைக் காணோம். வேற வேலைக்கு மாத்தியிருப்பாங்கன்னு அண்ணி சொன்னாங்க. உள்ள சமையல் வேலை கொடுத்திருப்பாங்க, நிழல்ல இருப்பான், நல்லதுதான்னாங்க. நானும் அப்படியே நினைச்சுக்கிட்டேன். வேற எப்படி நினைக்கறது?

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. கரித்தூசி அவன் நெஞ்சுக்கு ஆகல. காலைல எழுந்திரிக்க முடியல. அப்படி ஆனா பகல்காரன் தரையில படுத்துக்கணும், அதுவும் அண்ணி சட்டம்தான். பல்லி வந்தான், முணுமுணுத்தான், பாய் விரிச்சான். ஆனா ஆள் கெட்டவன் இல்ல. முனகறவனுக்குத் தண்ணி கொடுத்தான். நெத்தியில ஈரத்துணி போடலாம்னு தன்னோட கால்மாட்டுப் பெட்டியைத் திறந்து துணி தேடினான். துணிக்கு அடியில ஒத்தச் செருப்பு இருந்துச்சு. பித்தளை வளையம் வச்ச இடது கால் செருப்பு.

மாப்பிள்ளை அந்தக் காய்ச்சலோட கட்டில்லேர்ந்து இறங்கினான். தலைமாட்டுப் பெட்டியை இழுத்தான். திறந்து எடுத்தது வலது கால்.

பல்லி என் அண்ணி பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே ஓடி வந்தான். நாங்க உள்ள போனப்போ தரையில ஜோடி சேர்ந்து கிடக்குது செருப்பு, மாப்பிள்ளை சுவர்ல சாஞ்சு மூச்சு வாங்கறான். அப்பதான் சொன்னான். பெரிய வீட்டுப் பையன்தான் அவன். செத்துப்போனவர் அவனோட அப்பா. சித்தப்பா சொன்ன சாட்சி மேல அவனுக்கு நம்பிக்கை வரல. அன்னைக்கே சுவருக்கு வெளியே இந்தச் செருப்பைப் பார்த்து எடுத்துக்கிட்டுப் போய்ப் போலீஸ்ல காட்டியிருக்கான். செருப்பு வந்து சாட்சி சொல்லுமான்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. அன்னைக்குச் சுவர் மேல ஒரு திருடன் இருந்திருக்கணும், அவன் நடந்ததைப் பார்த்திருக்கணும், அவனைக் கண்டுபிடிக்கறேன்னு கரியைப் பூசிக்கிட்டு வந்துட்டான்.

பல்லி அழுதான். ஆமா, பார்த்தேன், பெரியவரோட தம்பிதான் அடிச்சார், பயந்து குதிச்சதுல செருப்பு போச்சுன்னான். மத்த செருப்பை எங்க போட்டாலும் ஜோடி சேர்த்துடுவாங்களோன்னு பெட்டியிலயே வச்சிருந்தானாம். ஒரே கட்டில், தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு.

"எனக்காக இல்ல"ன்னான் மாப்பிள்ளை. "தொட்டி கழுவற ஒருத்தன் ஒண்ணும் பண்ணாம உள்ள கிடக்கான். அவனை வெளியே கொண்டு வரணும். பாவம், அவனுக்கு யாருமே இல்ல."

அண்ணி அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. 

"அவன் என் தம்பி. இதோ நிக்கறா பாரு, இவதான் அவன் பொண்டாட்டி."

மாப்பிள்ளை எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் உங்ககிட்ட கேட்டேனேக்கா."

"கேட்ட. நான் இல்லன்னேன்."

 நான் மட்டும்தான் பேசினேன், திட்டினேன். பெரிய வீட்டுப் பிள்ளை, யாருன்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதான்னு கேட்டேன். சொல்லியிருந்தா யார் கதவைத் திறந்திருப்பாங்கன்னு அவன் கேக்கல, ஆனா அது உண்மைதான். அதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அன்னைக்கே மாப்பிள்ளையும் பல்லியும் நீதிபதிகிட்ட போனாங்க. திருட வந்தேன்னு பல்லி தன் வாயாலயே சொன்னான். சித்தப்பாவைப் பிடிச்சாங்க, அவர் ஒத்துக்கிட்டார். விடுதலை உத்தரவு கைக்கு வந்த காலைல அண்ணி அந்த ஜன்னலோரக் கட்டிலைத் தேய்ச்சுக் கழுவி, மெத்தையை வெயில்ல போட்டு, ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டாங்க. முழுக் கட்டில். நான் அவரோட நல்ல சட்டையைத் துவைச்சு மடிச்சு எடுத்துக்கிட்டேன். வெளியே வந்ததும் ஜெயில் துணியைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கட்டும்னு. மாப்பிள்ளை தாடி எடுத்து, சொந்தத் துணியில வந்தான். ஜெயில் வாசலுக்கு மூணு பேரும் போனோம். உயிரோட இருக்காரான்னு கேக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. யாருக்குத் தோணும்?

வாசல் காவலாளி உத்தரவைப் படிச்சுட்டு உள்ள போனான். ரொம்ப நேரம் கழிச்சு வயசான வார்டர் ஒருத்தர் வந்தார். போன மாசமே போயிட்டாரும்மா, நெஞ்சுல சளி, அடக்கமும் பண்ணியாச்சுன்னார். அண்ணிதான் கேட்டாங்க.

"எங்களுக்கு ஏன் சொல்லி அனுப்பல?"

"யாருக்குன்னு அனுப்பறது? கடைசியிலகூட நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன், யாருக்காவது சொல்லணுமாப்பான்னு. எனக்கு யாரையும் தெரியாதுன்னுட்டார்."

மாப்பிள்ளை அண்ணிகிட்ட கேட்ட சாயங்காலம் என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தார். அதை நாங்க மூணு பேரும் அந்த வாசல்லயே மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டோம். யாரும் வாய் விட்டுச் சொல்லல. அண்ணி என் கையிலேர்ந்து சட்டையை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடந்தாங்க. வீடு வர்ற வரைக்கும், எதிர்ல வந்தவங்க எல்லாரையும் நிறுத்தி, தெரியாதவங்களைக்கூட நிறுத்தி, என் தம்பி செத்துப்போயிட்டான்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க.

அதுக்குப் பிறகு அந்த வீடு பழைய வீடு இல்ல. ராத்திரிக்காரன் வந்தா, பகல்காரன் கிளம்பறதுக்குள்ள அண்ணி அவன் கையைப் பிடிச்சு நிறுத்துவாங்க. "இவன் உன் பாதிக் கட்டில். நல்லாப் பார்த்துக்க. உன் ஊர் எது, வீட்டுல யாரு, அவன்கிட்ட சொல்லு." சொல்லாம விட மாட்டாங்க. போலீஸ் வந்து கேட்டாலும் சொன்னாங்க. அப்புறம் யார் தங்குவான்? கட்டில் ஒண்ணொண்ணா காலியாச்சு. ஜெயிலுக்குப் போயிட்டு வந்த பல்லி மட்டும் பழைய இடத்துக்கே வந்தான், அந்த ஜன்னலோரக் கட்டில்ல மட்டும் படுக்கல. மாப்பிள்ளை அப்பப்போ வருவான். அவ்வளவு பெரிய மனுஷன்னு தெரிஞ்ச பிறகும் எனக்கு அவன் 'அவன்'தான். வந்தா குவளையைக் கழுவி வச்சுட்டுப் போவான். நான் ஒண்ணும் சொல்றதில்ல.

அண்ணியைக் கடைசியா ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ நினைவு வர்றதும் போறதுமா இருந்துச்சு. நர்ஸ் பொண்ணு குனிஞ்சு கேட்டா. "பாட்டி, உங்களுக்கு யாரெல்லாம் இருக்காங்க? யாருக்காவது சொல்லணுமா?"

அண்ணி கண்ணைத் திறந்தாங்க. கரி தூக்கறவன், பாத்திரம் கழுவறவன், பாக்கெட் அடிக்கறவன், பல்லி, மாப்பிள்ளைன்னு ஒவ்வொருத்தனா சொன்னாங்க. எந்தக் கட்டில், தலைமாடா கால்மாடா, எல்லாம் சொன்னாங்க. இவ என் தம்பி பொண்டாட்டின்னு என் கையைப் பிடிச்சாங்க. அந்தப் பொண்ணு பொறுமையா, அவ்வளவுதானா பாட்டின்னு கேட்டா.

"தம்பி ஒருத்தன் இருக்கான். பெரிய வீட்டுல தொட்டி கழுவப் போயிருக்கான். அவனுக்கு முதல்ல சொல்லுங்க."