காக்காய்க்கு முன் ஒரு வாய் அவல்

என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கும். மூடி கொஞ்சம் நசுங்கியது. உள்ளே வெல்லம் கலந்த அவல். அதைக் கொடுத்தவர் என் அத்தை, கணவரின் அம்மா. நான் இன்று நடமாடுவதற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே கொஞ்ச தூரம் நடந்தால் எனக்குத் தொடை கடுக்கும். சோம்பேறி என்றார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். வெண்ணந்தூரில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புது மருமகள் விரதமிருந்து திருச்செங்கோட்டு மலைப்படி ஏற வேண்டும். புகுந்த வீட்டிலும் சோம்பேறிப் பட்டம் வாங்கக் கூடாது என்று முதல் நாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். பாதி மலையில் கால்கள் மரத்துப்போயின. எப்படியோ ஏறி இறங்கிவிட்டேன். சாயங்காலம் எழுந்து நிற்கவே முடியவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று.

சேலத்து ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிட்டேன் என்று டாக்டரம்மா கேட்டார். "எப்பவும் போலத்தானுங்க," என்றார் கணவர். குடும்ப மானம் அவருக்கு. நானும் தலையாட்டினேன். பின்னால் நின்ற அத்தை முன்னே வந்தார்.

"இல்லீங்க டாக்டர். நேத்திருந்து பச்சத்தண்ணிதான். விரதம் இருக்கச் சொன்னது நாந்தானுங்க."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் டாக்டரம்மா வேறு பரிசோதனைகளுக்கு எழுதினார். முடிவு வந்ததும் பொறுமையாக விளக்கினார். தசையின் ஒவ்வொரு செல்லிலும் ஓர் அடுப்பு எரிகிறது. சாப்பிட்டதும் சர்க்கரை வந்து எரியும், அப்போது கொழுப்பு உள்ளே வரும் வழியைத் தசையே அடைத்துவைக்கும். வயிறு காலியாக இருந்தாலோ நெடுநேரம் நடந்தாலோ அந்த வழியைத் திறந்து கொழுப்பை எரிக்கும். எனக்கு அந்த வழி பிறவியிலேயே சரியாகத் திறப்பதில்லை. விரதத்தில் சர்க்கரையும் தீர்ந்து, எரிக்க ஒன்றுமில்லாமல் தசை சிதைந்திருக்கிறது. அதன் சாயம்தான் சிறுநீரில் வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார்.

மறுவருடம் குடும்பத்தோடு மலைக்குப் போனபோது, அடிவாரத்தில் சொந்தபந்தம் பார்க்க அத்தை இந்த டப்பாவைத் திறந்தார். "விரதத்தன்னைக்கு இதென்னம்மா?" என்று முகம் சுளித்தாள் நாத்தனார்.

"அவ பங்கு விரதத்தையும் நானே இருந்துக்கறேன். நீ தின்னு சாமி," என்றார் அத்தை.

அதோடு விடவில்லை அவர். "எனக்குத் திதி குடுக்கறப்பவும் நீ தின்னுட்டுத்தான் அடுப்பப் பத்த வெக்கோணும்," என்று ஒருநாள் சொல்லி வைத்தார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் அவருடைய திதி. காக்காய் சோறெடுக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் பல்லில் பச்சைத்தண்ணீர் படவிடுவதில்லை. விடியற்காலையில் தனியாகச் சமையலறையில் நின்று டப்பாவைத் திறந்தேன். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

இலையில் சோறு வைத்து மொட்டைமாடிக்குப் போனபோது நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணி, நீங்க தின்னாச்சுங்களா?"

"ஆச்சு," என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் காக்காயைக் கூப்பிட்டாள்.