ஏழு மணிக்கு மேல் வேண்டாம்

கந்தர்வக்கோட்டையில் நான் கணக்கு எழுதும் முந்திரிக் குடோனில், மூட்டை எடை போடும் தராசு ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நிற்பேன். வெள்ளி மட்டும்தான் என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். ஆனால் புதன்கிழமையே மனசு அரிக்க ஆரம்பித்துவிடும். கதவைச் சாத்திவிட்டுத் திருட்டுத்தனமாக ஒருமுறை ஏறி இறங்குவேன். ஒருநாள் மூட்டை தூக்குபவர் பார்த்துவிட்டு, "என்ன சார், இந்த மூட்டையையும் லோடுல ஏத்திரவா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் ஏற்கெனவே ஒருமுறை இளைத்து, தோற்றவன்.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு விராலிமலைக்குப் போனோம். எல்லோரும் படியேறிப் போனார்கள். நான் பத்துப் படி ஏறி, மூச்சு வாங்கி, திரும்பி வந்து கீழே உட்கார்ந்தேன். "நீங்க செருப்பைப் பாத்துக்கங்க" என்று மனைவி சொல்லிவிட்டுப் போனாள். பதினாறு ஜோடிச் செருப்புக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவமானத்தில், மறுநாளே கொள்ளுக் கஞ்சிக்கு மாறினேன். மூன்று மாதம், மூன்று வேளையும் அதுதான். பதினான்கு கிலோ குறைந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். சட்டைகளைப் பிடித்துத் தைத்தேன்.

அப்புறம் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டேன். மறுநாள் காலை எழுந்ததும், 'அதான் போச்சே' என்று தோன்றியது. போனதுதான் போய்விட்டது, இனிமேல் என்ன என்று அன்றைக்குச் சாயங்காலமே புரோட்டா. அடுத்த பொங்கலுக்குள் பதினான்கும் திரும்பி வந்தது, கூட மூன்றையும் அழைத்துக்கொண்டு. பிடித்துத் தைத்த சட்டைகளைப் பிரித்துவிடச் சொல்லி டெய்லரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாம் முறை, சர்க்கரை விளிம்பில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, வீரம் எதுவும் காட்டவில்லை. காலையில் கண்மாய்க் கரையில் மடை வரைக்கும் நடை. டீக்குச் சர்க்கரை கிடையாது. தட்டில் பாதி காய். ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒன்றும் வாயில் வைப்பதில்லை. இவ்வளவுதான். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: "எனக்கு வேணாங்க, ஏழு மணிக்கு மேல சாப்பிடுறதில்ல." சொல்லிச் சொல்லி அது யோசிக்காமலே வர ஆரம்பித்தது. ஒரு வருடம் இரண்டு மாதத்தில் பதினொரு கிலோ குறைந்து, அப்படியே நின்றது. நான்தான் நிற்கவில்லை. ஒரு இலையில் தவறினால் எல்லாம் மறுபடி போய்விடும் என்ற பயத்தில், உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் தங்கச்சி மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தான். பெண் வீடு கறம்பக்குடி பக்கம் ஒரு கிராமம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம்: பெண் பார்க்கப் போன வீட்டில், பிடித்திருந்தால்தான் கை நனைப்போம். பிடிக்கவில்லை என்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவோம். வாயால் யாரும் ஆம், இல்லை சொல்லவேண்டியதில்லை. வேனில் போகும்போதே தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, அவருக்குப் பதிலா நீதான். ஒனக்குப் புடிச்சிருந்தா மொத எலையில நீ உக்காரு."

நடு வழியில் வேன் பஞ்சர். ஆறு மணிக்குப் போகவேண்டியவர்கள் ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்ணைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். பேசினாள். எல்லோருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். தங்கச்சி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். நான் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. ஏழே முக்கால்.

பெண்ணின் அப்பா கூடத்தில் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வாங்க, சாப்பிடலாங்க."

"எனக்கு வேணாங்க" என்றது என் வாய்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. எனக்கு உடனே உறைக்கவில்லை என்பதுதான் கொடுமை. சாப்பாட்டைக் குறை சொன்னதாக நினைத்துவிட்டார்களோ என்று, எடை, சர்க்கரை, ஏழு மணி என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க அது சாக்குப்போக்காகவே ஒலித்தது, எனக்கே. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "சரிங்க, பரவாயில்லீங்க" என்றார். தங்கச்சியின் முகம் வெளுத்திருந்தது.

உள்ளேயிருந்து அந்தப் பெண் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து என்னிடம் நீட்டினாள். நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, இங்கிட்டு என்ன கொறைன்னு சொல்லிட்டுப் போயிருங்க. இல்லாட்டி எங்கப்பா அதையே நெனச்சுக்கிட்டு இருப்பாரு."

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. என் பதினொரு கிலோவைக் காப்பாற்ற, ஒரு பெண்ணை அவள் வீட்டுக் கூடத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. சொம்பை வாங்கிக் கையைக் கழுவினேன். இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "கொறை எங்கிட்டதாம்மா" என்றேன். "சோத்தைப் போடச் சொல்லு."

சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன், அவள் அப்பா காதில் விழும்படி. சம்மணம் போட்டபடியே முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் பழைய குரல் வந்துவிட்டது. 'அதான் போச்சே.' எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணைத் திறக்காமலே, "போறதுன்னா போங்க, இல்லாட்டி சும்மா படுங்க. கட்டிலே ஆடுது" என்றாள். அந்த எரிச்சலில்தான் கிளம்பினேன். மடை வரைக்கும் போனேன், திரும்பினேன். வந்து வழக்கம்போல இரண்டு இட்லி. பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமை தராசு ஒரு கிலோ கூடக் காட்டியது. அடுத்த வெள்ளி முக்கால் கிலோ இறங்கியது. மிச்சக் கால் கிலோ என்னைப் பல நாள் படுத்தியது.

கல்யாணம் முடிந்து, பொண்ணு மாப்பிள்ளையை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தோம். எட்டு மணிக்குச் சாப்பாடு என்று ஏற்பாடு. இந்த முறை முதல் இலையில் நானே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, அந்தப் பெண் என் மனைவியிடம், "ஆறரைக்கே எலையைப் போட்ருவோமா? ரொம்பப் பசிக்குது" என்றாள்.

"இப்பத்தானே வர்ற வழியில நாலு வடை தின்ன?" என்றான் மாப்பிள்ளை. அவள் அவன் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

இலை போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். என் மனைவி கையிலிருந்த கரண்டியை அவளே வாங்கி, "பெரியப்பா" என்று முறை வைத்துக் கூப்பிட்டு, என் இலையில் ஒரு கரண்டி சோறு வைத்தாள். எங்கள் பக்கம் 'இன்னுங் கொஞ்சம்' என்று சொல்லாமல் யாரும் சோறு வைப்பதில்லை. அவள் சொல்லவில்லை. கரண்டியை வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

என் முழங்கால் ஆடவில்லை என்பதை மனைவிதான் பிறகு சொன்னாள்.