தாத்தா காரியம் செய்து முடித்த ஆள்

செத்துப்போனவர் எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது நான் பூரியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். புதுவாயல் கூட்ரோடு, ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே கல்கத்தா போகிற லாரிகளின் ஹாரன் சத்தம். இந்த இடத்துக்கு, இந்த வெயிலில், ஒரு பேய் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? எனக்கு அப்போது ஒன்பது வயது. பேய்கள் எந்த நேரத்தில் நடமாடும் என்பதில் எனக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. அத்தனையும் அன்று ஒரு நிமிடத்தில் போயின.

நாங்கள் ஏன் அங்கே இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆன மறுநாளிலிருந்தே அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தினம் ஒரு ‘அவுட்டிங்’. அந்தச் சொல் அவருடையதுதான். ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போய் நெல்லூர் வண்டியைப் பார்த்துவிட்டு வருவோம். ஒரு நாள் ஏரிக்கரை. போக இடமே தோன்றாத நாளில் தன் பழைய மில்லுக்கு எதிரே இருக்கும் டீக்கடை. ஞாயிறு மட்டும் குடும்பமே அப்பாவின் ஷேர் ஆட்டோவில் ஏறி, புதுவாயலுக்கு நாஷ்டா சாப்பிடப் போகும். அம்மாவின் அடுப்புக்கு அந்த ஒரு வேளைதான் லீவு.

வழியெல்லாம் தாத்தா தன் வாலிபத்தைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே வருவார். “இங்கதான் பாப்பா நாங்க நாத்து நட்டது” என்று ஒரு பெயிண்ட் கம்பெனியின் மதிலைக் காட்டுவார். எங்கள் ஆட்கள் கம்பெனிகள் வருமுன் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். “இங்கதான் கெணறு. மேலருந்து குதிப்போம்” என்று கன்டெய்னர் லாரிகள் நிற்கிற இடத்தைக் காட்டுவார். எதையுமே பார்க்க முடியாது. ஆனால் நான் எல்லாவற்றையும் நம்பினேன்.

அந்தக் கதைகள் அத்தனையிலும் இன்னொருவன் இருந்தான். ஆறு விரல்காரன். இடது கைச் சுண்டுவிரலோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி விரல். ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போனது அவனோடு. கிணற்றில் குதித்தது அவனோடு. மில்லில் வேலைக்குச் சேர்ந்ததும் அவனோடுதான், ஒரே நாளில். கதை சூடுபிடிக்கிற நேரம் பார்த்துத் தாத்தா நிறுத்திவிடுவார்.

“அப்புறம் தாத்தா?”

“அப்புறம் இன்னா, செத்துட்டான்.”

“எப்டி?”

“செத்துட்டான்னா செத்துட்டான். நான்தான் காரியம் பண்ணேன். போட்டோ பாத்துகீறல்ல நீ?”

பார்த்திருக்கிறேன். எங்கள் டிவிக்கு மேலே மாட்டியிருந்தது. மில் கேட்டுக்கு முன்னால் வாலிபத் தாத்தா, பளபளவென்று மொட்டைத்தலை, தோளில் கொள்ளிக்குடம், பின்னால் பெருங்கூட்டம். கொள்ளிக்குடத்தைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? ஆறு விரல்காரன் செத்தது எங்கள் வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருந்தது.

அதனால்தான் அன்று, யாரோ ஒருவர் வந்து எங்கள் மேஜையின் ஓரத்தில் இடது கையை ஊன்றியபோது, நான் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கு அப்பால், நகத்தோடு, இன்னொன்று.

கத்திவிட்டேன். என் கை பட்டுத் தண்ணீர் டம்ளர் உருண்டது. கடையே திரும்பிப் பார்த்தது. தாத்தா மட்டும் திரும்பவில்லை.

“மச்சான்” என்றது பேய்.

தாத்தா பூரியை வடகறியில் தோய்த்து வாயில் வைத்தார்.

“மச்சான், ஒன்னத்தாம்ப்பா.”

தாத்தா அப்பாவிடம், “இந்த ஃபேனு இன்னா இப்டி சத்தம் போடுது? கடக்காரன்கிட்ட சொல்லு” என்றார்.

தாத்தாவுக்கு அவர் தெரியவே இல்லை. குரலும் கேட்கவில்லை. எனக்குத் தெரிகிறது, எனக்குக் கேட்கிறது. அப்படியானால் பேய் வந்திருப்பது எனக்காக. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பாவோ எழுந்து, பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க மாமா” என்றார். பேய் வந்து உட்கார்ந்ததுகூடப் பரவாயில்லை. அதை அப்பா மாமா என்று கூப்பிட்டது இருக்கிறதே, அதில்தான் நான் ஆடிப்போனேன்.

சந்தேகம் வந்தால் உடனே சோதித்துப் பார்த்துவிட வேண்டும், எனக்கு. அப்போதும் அப்படித்தான். கையை நீட்டி அந்த ஆறாவது விரலை அழுத்திப் பார்த்தேன். சூடாக இருந்தது.

“இன்னா பாப்பா, நெஜமா கீதான்னு பாக்கிறியா?”

“நீங்க செத்துட்டீங்கல்ல?”

அவர் தாத்தாவைப் பார்த்தார். கண் இரண்டும் பழுத்துச் சிவந்திருந்தன. “இன்னமும் அப்டித்தான் சொல்லிகினு கீறாரா?” என்றார்.

விஷயம் இதுதான். பல வருடம் கழித்து அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த மில்லில் ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்டிரைக். ஒருவர் வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. ஆறு விரல்காரரின் கைக்குழந்தை காய்ச்சலில் கிடக்க, அவர் ஒரு காலையில் பின்பக்க கேட் வழியாக உள்ளே போய் வேலையில் நின்றுவிட்டார். உள்ளே போனவன் செத்தவன் என்று வெளியே இருந்தவர்கள் வைக்கோல் பொம்மை கட்டி, பறை அடித்து, ஒப்பாரி வைத்து, கேட் முன்னால் அவருக்குக் கருமாதி நடத்தினார்கள். போராட்டத்தில் இப்படிச் செய்வதுண்டு. பாதி கோபம், பாதி கேலி. முடிந்ததும் டீ குடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். தாத்தா மட்டும் கேலியாகச் செய்யவில்லை. மொட்டை நிஜம், குடம் நிஜம். ஏனென்றால் உள்ளே போனவர் வெறும் சிநேகிதர் இல்லை, தாத்தாவின் ஒரே தங்கையைக் கட்டியவர்.

அதோடு நின்றிருந்தால்கூட ஒருநாள் சிரித்துவிட்டுப் பேசியிருப்பார்களோ என்னவோ. ஒருவன் இறந்துபோனால், அவன் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பிமார் புதுச்சேலை கொண்டுபோய்ப் போட வேண்டும். கோடி போடுவது என்று அதற்குப் பெயர். தாத்தா யாரும் சொல்லாமலே கடைக்குப் போய் ஒரு கோடிச் சேலை வாங்கினார். மொட்டைத்தலையோடு தங்கை வீட்டுக்கு நடந்தார். தெருவே பார்த்திருக்க, உள்ளே புருஷன் சோற்றில் கை வைத்திருக்க, அந்தச் சேலையை வாசற்படியில் போட்டுவிட்டு வந்துவிட்டார். உயிரோடு இருக்கிற புருஷனுக்குக் கோடி. கூட ஒப்பாரி வைத்தவர்களே வாயடைத்துப்போனார்களாம். அந்த மாதமே தங்கை குடும்பம் ஊரைக் காலிசெய்துகொண்டு கடம்பத்தூர் பக்கம் போய்விட்டது. காரியம் செய்து முடித்த ஆளைத் தாத்தா அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. எதிரே வந்தாலும் பார்க்கவில்லை.

இதில் ஒன்றுகூடத் தெரியாமல்தான் நான் அந்த விரலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“மச்சான்” என்றார் அவர் மறுபடியும். “ஒன் தங்கச்சி செத்துப் பூட்டா. விடியக்காலத்துல.”

எனக்கு இப்படி ஓர் உறவு இருந்ததே அந்த வாக்கியத்தில்தான் தெரிந்தது. இருந்தார் என்று தெரிந்த அதே மூச்சில் இல்லை என்றும் தெரிந்துவிட்டது. தாத்தாவின் கை வடகறிக் கிண்ணத்தின் மேல் அப்படியே நின்றது. தலை நிமிரவில்லை.

“பையன அனுப்பினா தொரத்தி வுட்ருவ. அதான் அவள அங்க போட்டுட்டு நானே வந்தேன். ஊட்டாண்ட கேட்டா, புதுவாயல்ல நாஷ்டா துன்னுவீங்கன்னாங்க. நீ என்ன பாக்க வேணாம், பேச வேணாம். பொறந்த ஊட்டு கோடி இல்லாம அவள எடுக்க மாட்டேன். வந்து போட்டுட்டுப் பூடு.”

இறந்த பெண்ணுக்கும் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அது வராமல் உடலை எடுத்தால் நாதியில்லாதவள் என்று ஊர் சொல்லும்.

தாத்தா கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், “கெளம்பலாம்” என்றார்.

“நைனா…” என்று அப்பா ஆரம்பித்தார்.

அம்மாதான் வாயைத் திறந்தாள். தாத்தாவின் முன்னால் அம்மா குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “மாமா, அங்க ஒரு பொம்பள செத்துக் கெடக்குது. அது மில்லுக்குப் போச்சா? அது இன்னா பண்ணுச்சு ஒங்கள?”

தாத்தா யாரையும் பார்க்காமல், காலி நாற்காலியிடம் சொல்வதுபோலச் சொன்னார். “கோடி ஒரு தபாதான் போடுவாங்க. நான் போட்டாச்சு.”

“அதத்தான் அவளும் சொன்னா” என்றார் ஆறு விரல்காரர்.

சொல்லிக்கொண்டே மடியிலிருந்த மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு சேலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கத்திரிப்பூ நிறத்தில் நூல் சேலை. கடையில் மடித்த மடிப்பு கலையவே இல்லை. பாச்சை உருண்டை வாசனை பூரி வாசனையை அமுக்கிக்கொண்டு எழுந்தது.

“ஐ, புதுப் பொடவ! அம்மாக்கா?” என்றேன் நான்.

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

“படுத்ததுலருந்து இதே பேச்சுதான். ‘எங்கண்ணன் எனக்குக் கோடி எடுத்துக் குட்த்துட்டாரு, இன்னொண்ணு வாங்க வெக்காத, இதையே எடுத்துக்கினு போயி, அவர வந்து போடச் சொல்லு’ன்னா. இத்தினி வருசத்துல ஒரு நாளு கட்னதில்ல, ஒருத்தருக்கும் குட்த்ததில்ல. தூக்கிப் போட்றின்னு நானும் சண்ட போட்டுப் பாத்துட்டேன். பொறந்த ஊட்லருந்து வந்ததுன்னு ஒண்ணுதான கீதுன்னா.”

தாத்தா சேலையைப் பார்த்தார். தொடப்போன விரலைப் பாதியில் மடக்கிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, எதிரே இருந்த முகத்தை, நேராக, முதல் தடவையாகப் பார்த்தார். அந்த முகம் இவ்வளவு கிழடாகியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை போல.

“கஷ்டப்பட்டாளா?” என்றார்.

“இல்ல மச்சான். தூக்கத்துலயே பூட்டா.”

அவ்வளவுதான். அதுவரை எட்டி நின்றிருந்த சர்வர் பையன் ஓடிவந்து ஆறு விரல்காரர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தான். அவர் ஒரே மடக்கில் குடித்தார். தாத்தா கேட்டார், செத்துப்போனவர் பதில் சொன்னார், தண்ணீர் குடித்தார். என் கண்ணெதிரே நடந்தது. தாத்தா பேசாதவரை அவர் பேய். பேசியதும் மனிதர்.

பெரியபாளையம் ரோடு, திருவள்ளூர், அங்கிருந்து கடம்பத்தூர். அப்பா இறுகிய முகத்தோடு ஆட்டோவை விரட்டினார். முன்னால் அம்மா. பின்சீட்டில் தாத்தாவுக்கும் அவருக்கும் நடுவில் நான். சேலை தாத்தாவின் மடியில். அன்று வழியில் தாத்தா எந்த இடத்தையும் கைநீட்டிக் காட்டவில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன்! இதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான் யோசனை.

கடம்பத்தூரில், வாசலில் ஷாமியானா போட்ட ஒரு சின்ன ஓட்டு வீடு. சாவு வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்வதில்லை. கூட்டம் தானாக விலகியது. “அண்ணங்காரன் வந்துட்டான்” என்று யாரோ சொல்ல, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். அந்த அமைதியில் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் தாத்தா படுத்திருந்தார். அப்படித்தான் இருந்தது. அதே நெற்றி, அதே தாடை, மூக்குத்தி மட்டும் கூடுதல்.

தாத்தா சேலையைப் பிரித்தார். இத்தனை வருடம் மடிந்திருந்த மடிப்பு, பிரிய மறுத்தது. மெதுவாக விரித்துத் தங்கையின் மேல் போட்டு, குழந்தைக்குப் போர்த்துவதுபோல ஓரங்களை இழுத்துவிட்டார். பிறகு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். உதடு பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்தத் தாத்தாவுக்கு எத்தனை தடவைதான் இதையே செய்யத் தோன்றும்? சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“பேசு தாத்தா. அவருகிட்ட பேசினல்ல, அந்த மாரி பேசு. நீ பேசுனா எழுந்துப்பாங்க.”

யாரோ என்னைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஆறு விரல்காரர் அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் ஒரு பெரிய அழுகை கிளம்பியது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை.

தாத்தா குனிந்தார். தங்கையின் காதருகே வாயைக் கொண்டுபோய் ஒரு செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அதுவரை கேட்டிராத பெயர். இன்னொரு முறையும் கூப்பிட்டார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.