ஒரே குழியில் ஐந்து பைன்

நூலகக் கூடத்தில் அன்று பிற்பகல் ரூஸ்வெல்ட் விழா. அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்த அதிபர் வேலையில்லாத பையன்களைத் திரட்டி, முகாம் போட்டு, மொட்டையாகக் கிடந்த மிச்சிகன் காடுகளில் மரம் நடவைத்தாரே, அதற்கு நகரமே கூடி நன்றி சொல்கிறதாம். அந்தப் பையன்களில் ஊரில் மிச்சம் வைனோ ஒருவர்தான். வயது எழுபத்தெட்டு. முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் ஆப்பிள் கேக்கும் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்தில் ஹில்மா. முகாமில் அவருக்கு ஜோடியாக வேலை செய்த ஆர்னேயின் தங்கை. ஆர்னே போருக்குப் போய்க் கடலோடு போனவன், கல்லறைகூடக் கிடையாது. “எங்கண்ணன் நட்ட மரம் ஒண்ணையாவது காட்டேன்” என்று அவள் கேட்காத வருஷம் இல்லை. “லட்சம் மரத்துல எதைன்னு சொல்ல?” என்று இவர் மழுப்பாத வருஷமும் இல்லை. அவள் கண்ணுக்கு அண்ணன் தப்பே செய்யாதவன்.

திரையில் ஒரு படம் வந்தது. அடி ஒட்டி நெருக்கியடித்து நிற்கும் ஐந்து பைன் மரங்கள்.

“நம்ம ஊர்ப் பெருமை, ஐந்து சகோதரர்கள்!” என்றாள் நூலகத்துப் பெண். “ஐந்து முகாம்களோட ஒற்றுமைக்காக நட்டது. நாளைக்குப் பித்தளைத் தகடு பதிக்கிறோம்.”

வைனோ கேக்கைப் பாதியில் நிறுத்தினார். ஒற்றுமையா! அந்த மரங்களை நட்ட அன்று சனிக்கிழமை, ஊரில் நடனம். பையில் இருக்கும் கன்று தீர்ந்தால்தான் லாரியில் ஏறலாம். இவர் குழி வெட்டுவார், ஆர்னே கன்றை வைத்து மிதிப்பான். குழிக்கு ஒன்று, அதுதான் சட்டம். லாரி உறுமியதும் கடைசி ஐந்தையும் ஒரே குழியில் திணித்தான் பாவி. “எவன்டா தோண்டிப் பாக்கப்போறான், ஓடு!” அடேயப்பா, என்ன ஓட்டம், என்ன சிரிப்பு! அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று அவருக்கு இருந்தது.

சொன்னால் செத்தவனுக்குக் கெட்ட பேர். சொல்லாவிட்டால் பொய் பித்தளையில் ஏறிவிடும். எழுந்து நின்றார்.

“ஒற்றுமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. அது நாங்க பண்ணின திருட்டுத்தனம்.”

எல்லாவற்றையும் சொன்னார். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹில்மா மட்டும் சிரிக்கவில்லை.

“மன்னிச்சிடு, ஹில்மா. அவன் நல்ல உழைப்பாளி. அன்னிக்கு மட்டும்தான்...”

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். “அப்ப அது எங்கண்ணன் கையால வெச்சதா? நிச்சயமா?”

“நிச்சயமா. அவன் மிதிச்சதைப் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

“அடப்பாவி! இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே நீ.” கைப்பையை எடுத்துக்கொண்டாள். “கிளம்பு, வண்டியை எடு.”

“கேக் பாதி இருக்கே?”

“கிடக்கட்டும். இருட்டுறதுக்குள்ள நான் அதைத் தொடணும்.”