தகட்டைக் கெடுத்த ஹுல்டா

ஹுல்டா ரூஸ்டாட் தன் வாழ்நாளில் ஒரே ஒரு குற்றம் செய்தார். அதையும் பட்டப்பகலில், நகராட்சி அலுவலகத்துக்கு எதிரிலேயே செய்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

மினசோட்டாவில் எங்கள் ஊர் ஹேசல் பிரெய்ரி. பெண்கள் கழகத்தின் செங்கல் கட்டடம் கடைத்தெரு முனையில் இருக்கிறது. நிலம் நகராட்சியுடையது, கட்டடத்தை எழுப்பியவர்கள் பெண்கள். கேக் விற்று, காபி விருந்து வைத்து 1926இல் எழுப்பினார்கள். ஊரின் முதல் நூலகம் அதன் பின்னறையில்தான் தொடங்கியது. அப்போது கழகத்திலேயே இளையவர் ஹுல்டா. வண்டியிலிருந்து செங்கல் இறக்கியே கை காய்த்துப்போனது. கணவர் எல்மர் ஒரு கல்லைக்கூடத் தொட்டதில்லை. ராத்திரிச் சாப்பாடு எப்போது என்று கேட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

வாசலில் பித்தளைத் தகடு ஒன்று உண்டு. அதில் பதினொரு பெயர்கள். திருமதி கார்ல் நோர்டால், திருமதி ஆர்தர் ஸ்டென்பெர்க், கடைசியில் திருமதி எல்மர் ரூஸ்டாட். பெண்களைக் கணவர் பெயரால் குறிப்பதுதான் அந்தக் காலத்து மரியாதை. கூட்டத்தில்கூட ஒருவரையொருவர் அப்படியேதான் அழைத்துக்கொண்டார்களாம். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

1972இல் மேயர் வெர்னன் கிளாப்புக்குக் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. வரலாற்றுக் கட்டடம், இடிக்கக் கூடாது என்று கழகம் எதிர்த்தது. நகர்மன்றக் கூட்டத்தில் மேயர் தகட்டின் புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல ஒரு பொம்பளை பேராவது இருக்கா? யாரோட வரலாறு இது, எல்மரோடதா?"

சபையே சிரித்தது. வரலாற்று மதிப்பு ஏதும் இல்லை, ஈஸ்டர் கழிந்ததும் இடிக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள்.

மறுநாள் மதியம் ஹுல்டா, காலமான எல்மரின் இரும்புக்கடையிலிருந்து உலோகத்தில் எழுத்து வெட்டும் கருவியோடு வந்தார். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரை வெட்டினார். ராக்னா. தியோடோரா. ஒலியானா. எழுத்தெல்லாம் கோணல்மாணல். போலீஸ்காரர் வந்து இறங்கச் சொன்னபோது, இன்னும் ஒரு பேர் பாக்கி இருக்கிறது, கொஞ்சம் பொறு என்று சொல்லி, தன் பெயரையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

மேயருக்குக் கோபம் தலைக்கேறியது. சுவரில் கிறுக்கியதாகப் புகார் கொடுத்தால் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும் என்ற வீம்பில், கழகக் கட்டடம் என்னும் வரலாற்றுச் சின்னத்தைச் சேதப்படுத்தியதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். என்ன செய்துவைத்தோம் என்பது விசாரணை நாளன்றுதான் அவருக்கு உறைத்தது. புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். நீதிபதியும் ஹுல்டாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

ஹுல்டா நகரவில்லை. "சின்னத்தைக் கெடுத்தேன்னு அவரு எழுதிக் குடுத்தாரு. ஆமாங்க, கெடுத்தேன். தண்டனையைப் போடுங்க."

"ஹுல்டாம்மா, ஏதோ கோபத்துல எழுதிட்டேன்," என்றார் மேயர். "வெறும் தகடுதானே, விடுங்க."

"வெறும் தகடுன்னா போலீஸ எதுக்கு அனுப்புனே, வெர்னன்? சின்னம்னா அதை எப்படி இடிப்பே? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

குற்றத்தை ஹுல்டாவே ஒப்புக்கொண்டபின் விடுவதற்கில்லை என்றார் நீதிபதி. வரலாற்றுச் சின்னத்தைச் சேதப்படுத்திய குற்றம் நிரூபணமானது, இனி இதேபோல் செய்யக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். கோர்ட்டே சின்னம் என்று சொல்லிவிட்ட கட்டடத்தை எவன் இடிப்பான்? எங்கள் பெண்கள் பெஞ்சைத் தட்டினார்கள். நான் எழுந்து நின்றே தட்டினேன்.

குமாஸ்தா தீர்ப்பை எழுத ஆரம்பித்தார். குற்றவாளி, திருமதி எல்மர் ரூஸ்டாட் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஹுல்டா மேஜையருகே போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவரு செத்து ஆறு வருஷமாச்சு, பாவம். அவரு தலையில போடாதீங்க. இதைப் பண்ணது ஹுல்டா."