எருமப்பட்டி நரி வளையும் நான் காட்டிய படமும்

சேலத்துப் பக்கம் வங்கா நரி என்று சொல்கிற, வால் நுனி கறுத்த சின்ன நரியைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. இந்த மார்ச் மாதம் எருமப்பட்டிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் குட்டிகளோடு ஒரு வளை கிடைத்தது. பார்த்துவைத்த மற்ற இரண்டும் காலி. குட்டிகள் வளரும் எட்டு வாரத்தையும் இங்கே பதிவு செய்தால்தான் கடைசி அத்தியாயம் தேறும்.

சேலத்தில் காலை 5.10க்கு ஏறினால் நாமக்கல் 52 கி.மீ., ஐம்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து எருமப்பட்டிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முக்கால் மணி நேரமும் கோழி லாரிக்குப் பின்னாலேயே போகும், ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்படாதீர்கள்.

வளைக்குப் பக்கத்துத் தோட்டம் செல்லமுத்து அண்ணனுடையது. என் தானியங்கி கேமராவை யாரும் கழற்றிவிடாமல் பார்த்துக்கொண்டவர். மூன்றாவது வாரம் அவர் வீட்டில் டீ குடிக்கும்போது, தாயும் நான்கு குட்டிகளும் வளை வாசலில் நிற்கும் படத்தைப் போனில் காட்டினேன். பெருமைதான், வேறென்ன.

"ஏஞ்சாமி, இத்தனை பக்கத்துலயா இருக்குது? நரி மூஞ்சியில முழிச்சா அன்னிக்குப் போற காரியம் செயிக்குமுங்க" என்றார்.

ஊரே நரியை விரும்பினால் பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று குறிப்பேட்டில் வேறு எழுதிக்கொண்டேன். மடத்தனம்.

அடுத்த வாரம் போனால், வளையைச் சுற்றிச் செருப்புத் தடம். கேமராவில் பதிவானவர்களை அண்ணனே அடையாளம் சொன்னார். முதல் நாள் விடியலில் அவரும் மனைவியும். மறுநாள், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு குடும்பம். மூன்றாம் நாள் போர் போட இருந்தவர்கள், ரிக் வண்டி டிரைவரோடு. யாரும் கல்லெறியவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. ஒருவர் கும்பிட்டார்.

நான்காம் நாள் தாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு போனது. மூன்று முறைதான் வந்தது. நான்காவது குட்டி வளை வாசலிலேயே செத்துக் கிடந்தது. அண்ணன் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

"போர்ல தண்ணி வந்துருச்சுங்க. பொண்ணையும் புடிச்சுப் போச்சாம். எங்களுக்கெல்லாம் நல்லதுதான் நடந்துச்சு சாமி" என்றவர், குட்டியைப் பார்த்தபடி நின்றார். "அது பாவம், மூணு நாளும் எங்க மூஞ்சியிலதானுங்க முழிச்சுது."

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். எருமப்பட்டியில் இறங்கி எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை எழுதவில்லை. மூன்று குட்டிகளும் எங்கே இருக்கின்றன என்று தேடியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும். தேடவில்லை. அத்தியாயம் நான்காவது வாரத்தோடு நிற்கிறது.