நாற்பத்தொரு பன்றிகளுக்கு நான் கொம்பு வைத்தது

அந்தப் படப்புத்தகத்தில் பன்றிக்குட்டி நாற்பத்தொரு இடங்களில் இருந்தது. முப்பத்திரண்டு பக்கங்களுக்குள் நாற்பத்தொரு தடவை. மூன்று முறை எண்ணினேன், ஒன்றாவது குறையவில்லை.

எழுபதுகளின் கடைசி. கல்முனையில் நான் படிப்பித்த பாடசாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டிப் புத்தகங்கள் நன்கொடையாக வந்தன. நூலகம் என்று நாங்கள் மரியாதையாக அழைத்த ஒற்றை அலுமாரிக்கு நான்தான் பொறுப்பு. நூற்றுப் பதினேழு என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதி, அதிபரின் கையொப்பமும் வாங்கிய பிறகுதான் அவர் பெட்டியைக் கிளறினார். மழையில் தன் சிவப்புக் குடையைத் தொலைத்துவிட்டு அதைத் தேடி ஊர் சுற்றும் பன்றிக்குட்டி அவர் கையில் அகப்பட்டது. உலகத்துப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக வாசிக்கும் கதை என்று பின்னட்டை பெருமையடித்தது.

"மாஸ்டர், இத எங்கட புள்ளைகள்ற கையில குடுத்தா தாய் தகப்பன்மார் என்னைக் கிழிச்சிப் போடுவாங்க. எடுத்துப் போடுங்க."

எடுத்துப் போடலாம். பதிவேட்டில் நூற்றுப் பதினேழு என்று இருக்கிறதே, அதை யார் எடுத்துப் போடுவது? மௌலவி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னைப் போன்ற அறிவாளிகள் யாரிடமும் கேட்பதில்லை. கறுப்பு மையும் மெல்லிய தூரிகையும் எடுத்துக்கொண்டு ஐந்து நாட்கள் உட்கார்ந்தேன். எண்பத்திரண்டு கொம்புகள், நாற்பத்தொரு தாடிகள். பன்றி ஆடானது.

அதிபர் புரட்டிப் பார்த்து, "ஓம், இப்ப பாக்கக்கூடியதா இருக்கி" என்றார்.

கதையைத் தமிழில் சொல்லி வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஆட்டுக்குட்டி சேற்றில் புரண்டு மகிழ்ந்தது. அங்கேதான் வில்லங்கம். தூறல் விழுந்தாலே ஆடு கத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

"சேர், ஆடு சேத்துக்க படுக்குமா?"

"இது வெளிநாட்டு ஆடு. அங்க அப்பிடித்தான்."

வெளிநாடு என்றால் எங்கள் ஊரில் எதற்கும் மறுபேச்சில்லை. எல்லோரையும்விட உறுதியாக நம்பியவள் என் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. வாப்பா சொன்ன கதை என்பதால் வரி பிசகாமல் மனப்பாடம் செய்துவைத்திருந்தாள்.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கலர் டீவியும் வீடியோ டெக்கும் ஐந்து கசெட்டுகளும் கொண்டுவந்தார். ஒரு கசெட்டின் உறையில் சிவப்புக் குடை மட்டும் இருந்தது. மகள் அதைக் கண்டதும் தெரு முழுக்க அறிவித்துவிட்டாள்.

"எங்கட ஆட்டுக்குட்டிட படம்! கதை முழுக்க எனக்குத் தெரியும்!"

அவளைப் போகவிடாமல் தடுக்க நான்கு காரணங்கள் யோசித்தேன். நான்கும் பொய். ஏற்கெனவே சொன்ன பொய்யே போதும் என்று அவளோடு நானும் போனேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. அவர் வீட்டு ஹோலில் இருபத்தாறு பிள்ளைகள். முன்வரிசையில் மகள், சுவரோரம் நான். திரையில் கொழுத்த, கொம்பில்லாத பன்றிக்குட்டி குடையோடு வந்தது.

"இது கூட்டாளி. ஆடு இனித்தான் வரும்" என்றாள் மகள்.

குடை காற்றில் பறந்தது. பாலம் வந்தது. அவள் முன்கூட்டிச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. எல்லாம் பன்றிக்கே நடந்தது.

"எங்க புள்ள உன்ட ஆடு?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பொறுங்கா, வரும்."

முப்பத்தேழு நிமிடங்கள் அவள் காத்திருந்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையையும் அவளையும் பார்ப்பதைவிட அது சுலபம். பிறகு பன்றி சேற்றில் விழுந்து புரண்டது.

"பண்டிதான் சேத்துக்க படுக்கும்! பொய்க்காரி! பொய்க்காரி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

அவள் அழவில்லை. எழுந்து நின்றாள். "புத்தகத்தில ஆடுதான். எங்கட வாப்பாக்கிட்டக் கேளுங்க."

இருபத்தாறு முகங்கள் என் பக்கம் திரும்பின. அவளுடையதையும் சேர்த்து.

வெளிநாட்டைத் திரும்பவும் துணைக்கு அழைக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "புத்தகத்திலயும் பண்டிதான். நான்தான் கொம்பு கீறின. மகள் பொய் சொல்லல்ல."

பக்கத்து வீட்டுக்காரர் டெக்கையே நிறுத்திவிட்டார். "அட மாஸ்டர், ரெண்டு கொம்பு வெச்சா ஹலாலாகிடுமா? இது தெரியாம உலகம் முழுக்க ஹலால் கடை தேடித் திரியிறாங்க!"

மறுநாள் மௌலவி ஆசிரியர் தெருவில் மறித்தார். "படத்தைத் திங்கிறதா இருந்தாத்தான் மாஸ்டர் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். ஒற்றை வாக்கியம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

பொய்க்காரி என்ற பேச்சு அதோடு நின்றது. எனக்குக் கொம்பு மாஸ்டர் என்ற பட்டம் கிடைத்தது. சம்பள உயர்வில்லாத பதவி உயர்வு. மகள் மட்டும் ஒன்பது நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் பாடசாலை அலுமாரியிலிருந்து புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, அதன் மேல் ஒரு பாதி பிளேடையும் வைத்தாள்.

"எடுங்க."

"கடதாசி கிழியும், மகள்."

"கிழியட்டும்."

சுரண்டத் தொடங்கினேன். ஏழாம் பக்கத்தில் பன்றியின் மண்டையில் ஓட்டை விழுந்தது. அவள் அசையாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டாவது கொம்பில் என் விரல் வெட்டுப்பட்டது. எழுந்து போய்ப் பழைய துணி கொண்டுவந்து, இறுக்காமல் பதமாகக் கட்டினாள். பிறகு பிளேடை எடுத்து என் மற்றக் கையில் தந்தாள்.